உதவித்தொகை வாய்ப்பூட்டு ஆகக் கூடாது
உயர்கல்வி நிறுவனங்களில் தலித், பழங்குடி, சிறுபான்மை மாணவர்களின் கருத்துரிமை: எங்கள் நிலைப்பாடு

பட்டியல் சாதி, பழங்குடி, மதச் சிறுபான்மை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது என்று கேட்டால், உதவித்தொகை, விடுதி, சிறப்புப் பயிற்சி என்று ஒரு பட்டியல் வரும். அவர்களுடைய கருத்துரிமை பற்றிக் கேட்டால் அந்தக் கேள்வி வேறொரு மேசைக்குப் போய்விடும். அங்கே துண்டறிக்கை, கூட்ட அனுமதி, ஒழுங்கு நடவடிக்கை என்று இன்னொரு கோப்பு இருக்கும். உயர்கல்வி ஆசிரியர்களின் அமைப்பு என்ற முறையில், இந்த இரண்டு கோப்புகளும் ஒன்றே என்று நாங்கள் கருதுகிறோம். மாதச் செலவுக்கும் படுத்துறங்கும் இடத்துக்கும் நிர்வாகத்தின் கையொப்பத்தை எதிர்பார்த்திருக்கும் மாணவர், அதே நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்கு முன் பலமுறை யோசிக்கத்தான் செய்வார். எனவே உதவித்தொகை, விடுதி, உணவு ஆகியவற்றை ஒழுங்கு நடவடிக்கையின் எல்லைக்கு வெளியே வைக்க வேண்டும். இதுவே இந்த அறிக்கையின் மையக் கோரிக்கை.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்ததை இந்தக் கண்ணோட்டத்தில் மீண்டும் படிக்க வேண்டும். அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர்களுக்கும் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தின் நிர்வாகி ஒருவருக்கும் ஆகஸ்டில் மோதல் ஏற்பட்டதாகப் புகார் எழுந்தது. மத்திய அமைச்சர் ஒருவர் மனிதவள அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் அந்தச் சங்கத்தின் ஐந்து ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்ற உத்தரவு வந்தது. துறைக்கும் நூலகத்துக்கும் அவர்கள் போகலாம். பொது இடங்களில் குழுவாகக் கூடக் கூடாது, மாணவர் பேரவைத் தேர்தலில் பங்கேற்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. அதாவது, படிக்கத் தடை இல்லை. படுக்கையும் பேச்சும் மட்டும் பறிபோயின. அவர்கள் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அவர்களில் ஒருவரான ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டபோது, ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், தனக்கு வர வேண்டியிருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார். அது ஆவண வேலையால் வந்த தாமதம், தண்டனை அல்ல என்றது நிர்வாகம். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் எங்கள் வாதம் வலுவிழக்காது. மாதம் 25,000 ரூபாயை நம்பியிருக்கும் ஒருவருக்கு ஏழு மாதத் தாமதமும் தண்டனையும் ஒரே விளைவைத்தான் தருகின்றன. அவருடைய சாதிச் சான்றிதழ் குறித்துப் பின்னர் எழுந்த சர்ச்சையும் இந்த உண்மையை மாற்றுவதில்லை.

விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் அதன் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட ஒழுங்கு விதிக் கையேடு, கல்விக் கட்டடங்களிலிருந்து 100 மீட்டருக்குள் போராடினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்றது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேர்வின் வழி உதவித்தொகை பெறாத முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைத்துவந்தது மாதம் 8,000 ரூபாய். ஒரு மதிய நேரத் தர்ணாவின் விலை இரண்டரை மாத வாழ்க்கைச் செலவு. வீட்டிலிருந்து பணம் வரவழைக்க முடிந்தவருக்கு இது எரிச்சல். வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு இது வாய்ப்பூட்டு. பணத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது. டெல்லி எய்ம்ஸ் குறித்து 2007இல் அறிக்கை தந்த தோரட் குழுவிடம், ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் கூறினார்கள். ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்களை விட்டு இடையில் விலகியவர்களில் 2,424 பேர் பட்டியல் சாதியினர், 2,622 பேர் பழங்குடியினர் என்று 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. விலகியவர்கள் எல்லோரும் பாகுபாட்டால்தான் விலகினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வேறு நிறுவனத்துக்கு மாறியவர்களும் அதில் உண்டு. ஆனால், குறையை வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில், ஒரு மாணவர் ஏன் விலகினார் என்பது நிர்வாகத்துக்கும் தெரியாமலே போய்விடும்.

பேசவிடாமல் செய்யத் தண்டனை மட்டுமே வழி என்றில்லை. உதவியின் நிபந்தனைகளிலேயே அதை எழுதிவிடலாம். பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் வெளிநாட்டில் படிக்க வகைசெய்யும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் வழிகாட்டு நெறிகளில், 2022இல், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இடமில்லை என்று சேர்க்கப்பட்டது. சாதியைத் தன் வாழ்க்கையில் அறிந்தவர் அதை ஆராயப் பொதுப்பணம் கிடையாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். அதே ஆண்டின் இறுதியில், சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் இருந்துவந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை, பிற திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டது. அங்கீகாரத்தைப் பறிப்பது இன்னொரு வழி. சென்னை ஐஐடியில் 2014இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், பெயரில்லாத புகார் ஒன்றை மத்திய அமைச்சகம் நிறுவனத்தின் கருத்துக்கு அனுப்பியதைத் தொடர்ந்து, 2015 மே 22 அன்று அங்கீகாரத்தை இழந்தது. நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பியது. இரண்டே வாரத்தில் திரும்பப் பெறக்கூடிய முடிவை, அந்த மாணவர்களை முன்கூட்டியே அழைத்துக் கேட்டிருந்தால் எடுக்கவே வேண்டியிருந்திருக்காது.

ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டும். அடிதடி, மிரட்டல், வகுப்பையும் தேர்வையும் தடுப்பது ஆகியவற்றுக்கு விசாரணையும் தண்டனையும் இருக்கத்தான் வேண்டும். விசாரணை முடியும் வரை ஒருவரை இன்னொருவரிடமிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தால், வேறு விடுதியில் அறை கொடுக்கலாம். உணவையும் உதவித்தொகையையும் நிறுத்துவதால் யாருடைய பாதுகாப்பும் கூடிவிடாது. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியருக்கே பணியிடைநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் உண்டு. ஆய்வு மாணவருக்கு அந்த அளவுப் பாதுகாப்பைக்கூட நாம் தரவில்லை.

மக்கள் வரிப்பணத்தில் படிப்பவருக்கு அரசியல் எதற்கு என்பதும் நிறுவனத்தின் பெயரை அரசியலுக்குப் பயன்படுத்தலாமா என்பதும் அடுத்த ஆட்சேபங்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் தலித் ஆய்வு மாணவர் ஒருவர், டெல்லிப் போராட்டத்தில் நிறுவனத்தின் பெயர் தாங்கிய பதாகையோடு கலந்துகொண்டது உள்ளிட்ட காரணங்களுக்காக 2024 ஏப்ரலில் இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்யப்பட்டார். பம்பாய் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது; உச்சநீதிமன்றம் 2025 மே மாதம், கழிந்த காலமே போதும் என்று குறைத்து, ஆய்வை முடிக்க அனுமதித்தது. மாணவர் அமைப்பின் குரலை நிறுவனத்தின் குரல் என்று பிறர் தவறாக எண்ணலாம் என்ற கவலை நியாயமானதே. அதற்கு ஒரு மறுப்பறிக்கை போதும்; இரண்டு ஆண்டு வாழ்க்கையை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. வரிப்பணம் பற்றிய வாதமோ இன்னும் பலவீனமானது. மானியக் கட்டணத்தில் படிக்கும் எல்லா மாணவருக்கும், சம்பளம் வாங்கும் எங்களுக்கும் அந்தப் பணமே சோறு போடுகிறது. நன்றிக்கடனாக மௌனம் காக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு ஏழை மாணவரிடம் மட்டும் வைக்கப்படுகிறது. அரசியல் சட்டத்தின் 19(2)ஆம் பிரிவு பேச்சுரிமைக்கான வரம்புகளை எண்ணிச் சொல்கிறது. அவதூறு அதில் உண்டு, அதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’ என்ற பொத்தாம்பொதுவான காரணம் அதில் இல்லை.

மூன்றாவது ஆட்சேபம் எங்களோடு ஒத்த கருத்துள்ளவர்களிடமிருந்தே வருகிறது: கருத்துரிமையை விரித்தால் சாதி வசவும் மத வெறுப்பும் அதே குடைக்குள் வந்துவிடாதா? இடஒதுக்கீடு தவறு என்று ஒருவர் மேடையில் வாதிட்டால், அது எங்களுக்கு ஒவ்வாத கருத்து. பதில் மேடைதான் அதற்கு மறுமொழி. இடஒதுக்கீட்டில் வந்த சக மாணவரைப் பெயர் சொல்லி, மதிப்பெண்ணைச் சொல்லி, விடுதி வாட்ஸ்அப் குழுவில் இழிவுபடுத்துவது கருத்து அல்ல, ஒருவரைக் குறிவைத்த துன்புறுத்தல். பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஒரு கொள்கையைத் தாக்குவதற்கும் ஓர் ஆளைத் தாக்குவதற்கும் இடையிலான இந்தக் கோட்டை நாங்கள் எல்லாத் தரப்புக்கும் ஒன்றுபோலப் போடுகிறோம். எங்களுக்குப் பிடித்த அமைப்புக்கு ஒரு கோடு, பிடிக்காத அமைப்புக்கு வேறொரு கோடு என்றால், நாளை நிர்வாகம் மாறும்போது அது நம் மாணவர்கள் மீதே திரும்பும்.

எனவே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிமன்றத்தையும் நாங்கள் கோருவது இது. மேல்முறையீடு முடியும் வரை எந்த மாணவரின் உதவித்தொகை, விடுதி, உணவு ஆகியவற்றையும் நிறுத்தக் கூடாது. உதவித்தொகை ஒரு மாதத்துக்கு மேல் தாமதமானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இடைக்காலத்துக்குப் பல்கலைக்கழக நிதியிலிருந்து முன்பணம் தர வேண்டும். பெயரில்லாப் புகாரின் பேரில் எந்த மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தையும் பறிக்கக் கூடாது. எழுத்துமூல அறிவிப்பும் நேரடி விசாரணையும் முதலில் நடக்க வேண்டும். அமைதியான போராட்டத்துக்குப் பண அபராதம் என்ற விதியே நீங்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் சம வாய்ப்பு மையத்திலும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரின் பணியிலும் மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும். வந்த புகார், முடிந்த புகார், முடிக்க எடுத்த நாள்கள் ஆகியவற்றை, பெயர்களை நீக்கி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்த விதிகள் ஏட்டளவில் நின்றுவிட்டன என்று ரோஹித் வேமுலா, மும்பையில் உயிரை மாய்த்துக்கொண்ட பழங்குடி மருத்துவ மாணவி பாயல் தாட்வி ஆகியோரின் தாய்மார்கள் 2019இல் உச்சநீதிமன்றத்தில் முறையிட நேர்ந்ததை நிர்வாகங்கள் மறக்கக் கூடாது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை; ஆட்சிமன்றத்தின் ஒரு தீர்மானம் போதும். மத்திய அரசோ மாநில அரசோ முந்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் உறுப்பினர்கள் இடம்பெறும் கல்விக் குழுக்களிலும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களிலும் இந்தத் தீர்மானத்தை அவர்களே முன்மொழிவார்கள். உதவித்தொகையை நிறுத்தும் எந்தப் பரிந்துரையிலும் அவர்கள் கையெழுத்திட மாட்டார்கள்.