பரீட்சையும் பிரார்த்தனையும்

மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் குழந்தைகள் பலருடைய நாள் பொழுது புலர்வதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சுபுஹுத் தொழுகைக்குப் பின் ஓதுகிற பள்ளி. அது முடிந்தவுடன் வித்தியாசாலை. மாலையில் தனிப் பயிற்சி. அஸ்தமித்த பின்னர் மறுபடியும் வேதபாடமோ வீட்டுக் கணக்கோ. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்கும்போது இச்சுமை இரட்டிக்கிறது. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து பொருநையில் கலக்கிறது. இரண்டிலும் ஒரே சமயத்தில் வெள்ளம் வந்தால் கரைதான் தாங்கவேண்டும் என்பதை அவ்வூர்க் குடியானவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு கல்விகளை ஒருங்கே சுமக்கும் இக்குழந்தைகளுக்குக் கரையாக நிற்கவேண்டியவர்கள் யார் என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

விஷயம் அற்பமானதன்று. 2021-ஆம் ஆண்டிலும் 2022-ஆம் ஆண்டிலும், ஆண்டொன்றுக்கு 13,000-க்கு மேற்பட்ட மாணவர்கள் நம் தேசத்தில் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குக் கூறுகிறது. அவர்கள் அனைவரும் பரீட்சைக்கு அஞ்சியே மாண்டனர் என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும், படிக்கும் வயதில் இத்தனை உயிர்கள் தாமாகவே மாய்வதைக் கண்டும் வாளாவிருக்கும் சமூகம் தன்னை நாகரிக சமூகமென்று சொல்லிக்கொள்ள இயலாது. தமிழ்நாடு சர்க்கார் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பொதுப் பரீட்சையில் முதலிடம் பெற்றோரின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தை 2017-இல் நிறுத்தியது. பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையைக் கைவிடுவதாக 2025-இல் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்க காரியங்களே. ஆனால், நள்ளிரவில் புத்தகத்தின் முன் அமர்ந்து நடுங்கும் குழந்தையின் உள்ளத்துக்குள் எந்தச் சர்க்கார் உத்தரவும் நுழைய முடியாது. அங்கே நுழையக்கூடியவை இரண்டு: பெற்றோரின் அன்பு ஒன்று, இளமை முதல் அக்குழந்தை பழகிவந்த தெய்வ நம்பிக்கை மற்றொன்று.

இஸ்லாம் இவ்விஷயத்தில் தன் குழந்தைகளுக்கு அளிக்கும் துணை சாமானியமானதன்று. நபிகள் நாயகத்துக்கு முதன்முதலில் அருளப்பட்ட கட்டளையே ஓதும்படி ஏவுவது. ஆகவே படிப்பு இறைவனுக்கு உகந்த செயல் என்ற எண்ணத்தோடு ஒரு முஸ்லிம் குழந்தை புத்தகத்தைத் திறக்கலாம். ஒட்டகத்தைக் கட்டாமலே இறைவன்மீது பாரத்தைப் போடலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பின்பு நம்பிக்கை வைக்குமாறு நாயகம் அறிவுறுத்திய வரலாற்றை ஓதுகிற பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். முயற்சி மனிதனுடையது, முடிவு ஆண்டவனுடையது என்ற இந்தத் தத்துவம் பரீட்சை மண்டபத்துக்கு எவ்வளவு பொருத்தமானது! சோம்பலுக்கும் இடமில்லை; கலக்கத்துக்கும் இடமில்லை. ஐவேளைத் தொழுகையோ, ஓயாமல் சுழலும் மூளைக்கு நாள்தோறும் ஐந்து முறை ஓய்வு தரும் ஏற்பாடாகவும் அமைந்திருக்கிறது.

எனினும், மருந்தே விஷமாவதும் உண்டு. மார்க்குக் குறைந்தால், "தொழுகையில் நீ கவனம் செலுத்தவில்லை, அதனால்தான் இறைவன் தண்டித்தான்" என்று குழந்தையைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இருக்கிறார்கள். இவர்கள் அருளாளனாகிய ஆண்டவனை மற்றொரு பரீட்சை அதிகாரியாக்கிக் குழந்தையின் முன் நிறுத்துகிறார்கள். பள்ளியில் அஞ்சிய குழந்தை பள்ளிவாசலிலும் அஞ்சத் தொடங்கினால், பிறகு அது எங்கேதான் அடைக்கலம் புகும்? நபிகள் நாயகம் தொழுகை நடத்திக்கொண்டிருக்கையில் ஒரு குழந்தை அழும் குரலைக் கேட்டால், அதன் தாயின் மனம் வருந்துமே என்று தொழுகையையே சுருக்கிக்கொள்வார் என்பது ஹதீஸ்களில் பதிவான செய்தி. குழந்தையின் அழுகைக்காகத் தொழுகையே சுருங்குமானால், நாம் வகுத்துக்கொண்ட பாடவேளைகள் ஏன் சுருங்கக்கூடாது?

மனச்சோர்வு ஈமானின் குறைவால் வருவது, வைத்தியம் தேவையில்லை என்பது மற்றொரு தவறான அபிப்பிராயம். இறைவன் பிணியைத் தந்தபோது அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பதும் நாயகத்தின் போதனையே. தற்கொலை விலக்கப்பட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றால் போதாது. இறைவனின் கருணையில் நம்பிக்கை இழக்கலாகாது என்று திருக்குர்ஆன் கூறும் ஆறுதலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். உறக்கமும் உணவும் இழந்து, பேச்சும் குன்றிப்போன குழந்தையை டாக்டரிடம் அழைத்துச் செல்வது மார்க்கத்துக்கு மாறானதன்று. இந்திய சர்க்கார் 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் மன நலம் பற்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். அந்த எண் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குப் பக்கத்திலேயே எழுதப்படுமாக.

சர்க்காருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் கூட இதில் கடமையுண்டு. 2024-இலும் 2025-இலும் ரமலான் நோன்பும் பொதுப் பரீட்சையும் ஒரே காலத்தில் வந்தன. பிறைக் கணக்கின்படி நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், எந்த ஆண்டில் எப்போது வரும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். நோன்பு நோற்று, திருநெல்வேலி வெயிலில் நடந்துவந்து பரீட்சை எழுதும் மாணவனுக்கு நிழலும் காற்றுமுள்ள அறை கொடுப்பது சலுகையன்று, மனிதத்தன்மை. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தை மதித்துக் கால அட்டவணை வகுப்பதும் அத்தகையதே. நோன்பைப் பற்றிய தீர்ப்பு ஆலிம்களுக்கே உரியது. அதில் பத்திரிகாசிரியன் தலையிடுவதற்கில்லை. ஆனால் அவர்கள் அதைப் பரீட்சைக்கு முன்னரே மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுவது நலம்.

கர்நாடகத்தில் 2022-ஆம் ஆண்டு நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முக்காடு அணிந்த மாணவிகள் வித்தியாசாலை வாயிலிலேயே தடுக்கப்பட்டனர்; சிலர் பரீட்சையும் எழுதவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டை எட்டி, அவ்வாண்டு அக்டோபரில் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்புக் கூறினர். சட்ட நுட்பம் எவ்வாறாயினும் ஆகுக. ஒரு குழந்தைக்குத் தைரியமளிக்கும் நம்பிக்கையை வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வது, நொண்டியின் ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும். அந்த நிலைமை தாமிரபரணிக் கரைக்கு வராமல் காப்பது ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களுமான நம் உபாத்தியாயர்களின் பொறுப்பு.

இந்த ஜில்லாவின் முஸ்லிம்களுக்குக் கல்வி புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் பெயரால் 1971-இல் பாளையங்கோட்டையில் எழுந்த கல்லூரி அதற்குச் சான்று. பேட்டையில் 1896-இல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பி.ஏ. பரீட்சையைத் துறந்தவர், பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். பரீட்சையைத் துறக்கும்படி நம் மாணவர்களுக்கு நாம் உபதேசிக்கவில்லை. ஒரு பரீட்சையைக் கொண்டு மனிதனை அளந்துவிட முடியாது என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமோ என்றே கேட்கிறோம்.

ஜமாஅத் தலைவர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் சுருக்கமானது. பரீட்சை மாதங்களில் ஓதுகிற பள்ளியின் நேரத்தைக் குறையுங்கள். பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தை மாலையில் படிப்புக்குத் திறந்துவிடுங்கள். விளக்கும் குடிநீரும் இருந்தால் போதும். ஒரு வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தையேனும் பெற்றோருக்கென ஒதுக்கி, மார்க்குக் குறைந்த பிள்ளையையும் மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. அடுத்த பரீட்சைக் காலம் வருமுன் இந்த ஜில்லாவின் ஜமாஅத்துகள் கூடி இதை முடிவு செய்யுமென எதிர்பார்க்கிறோம்.