பத்துமலைக்கு மேலே ஒரு மண் அணை

தைப்பூசத்தில் காவடி எடுப்பவர்கள் குளிக்கும் சுங்கை பத்து, பத்துமலைக்கு வந்துசேருமுன் ஒரு மண் அணையில் தங்கித்தான் வருகிறது. அங்கிருந்து கோலாலம்பூர் நகருக்குள் இறங்கி, கோம்பாக் ஆற்றில் கலந்து, மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றோடு சேர்கிறது.

1971 ஜனவரி வெள்ளத்தில் கோலாலம்பூர் மூழ்கியது. அதன்பின் தீட்டிய வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் பகுதியாக 1987இல் கட்டி முடிக்கப்பட்டதுதான் பத்து அணை. சுங்கை சிலாங்கூர் அணைக்குப் பக்கத்தில் வைத்தால் இது சிறியது. பொறுப்போ இரட்டிப்பு: வெள்ளத்தையும் தேக்க வேண்டும், குடிநீரும் தர வேண்டும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று இடிப்பவை. வெள்ளத்தைப் பிடிக்க அணையில் காலி இடம் வேண்டும். குழாயில் தண்ணீர் வர அணை நிறைந்திருக்க வேண்டும். எந்த மாதத்தில் எவ்வளவு தேக்குவது, எப்போது திறந்துவிடுவது என்பதை வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் கணக்கு மட்டும் என்று விட்டுவிட முடியாது. ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மண் அணைக்குப் பெரும் ஆபத்து, தண்ணீர் கரையைத் தாண்டி வழிவது. வழியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டே போகும். நம் ஏரிகளுக்கு முன்னோர் கலங்கல் வைத்ததும் மிச்ச நீர் கரையைத் தொடாமல் வெளியேறத்தான். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மச்சு-2 அணையில் நீர் மண்கரைகளைத் தாண்டி வழிந்தது. கரைகள் உடைந்து மோர்பி நகரமே அழிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதனால்தான் பத்து அணையின் கலங்கலும் கரையின் நீர்க்கசிவும் வருடம் முழுவதும் கண்காணிக்கப்பட வேண்டியவை.

ஆனால் அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை தடுக்காது. 2021 டிசம்பரில் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியபோது கிள்ளான் பள்ளத்தாக்கு தவித்ததை யாரும் மறக்கவில்லை. கீழே சிமெண்டுத் தரையும் அடைபட்ட கால்வாய்களும் பெருகிக்கொண்டே போனால் மேலே எத்தனை அணை கட்டினாலும் போதாது.

மேலே உள்ள காட்டை வெட்டினால் அங்கிருந்து வரும் சேறு அணையின் அடியில் படியும். படிந்த அளவுக்குத் தேக்கும் இடம் குறையும். அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பு மலைகளில் புதிய வீடமைப்புத் திட்டம் எதற்கும் மாநில அரசு அனுமதி தரக்கூடாது. தைப்பூசத்துக்கு வரும் நாமும் உணவுப் பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் ஆற்றில் வீசாமல், குப்பைத் தொட்டி வரை எடுத்துச் செல்வோம்.