‘முன்பே இருந்த நோய்’ என்றால் முடிந்துவிட்டதா?

வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுவதில் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டுகிறவர்கள் மும்பைத் தமிழர்களில் பலர் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் வட்டிக்காரனிடம் கைநீட்ட வேண்டாமே என்பதுதான் அவர்கள் எண்ணம். ஆனால் செலவு வந்த பிறகு, சிலருக்குப் பணத்துக்குப் பதிலாக ஒரு கடிதம் வருகிறது. “இந்த நோய் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்தது. எனவே தொகை தர இயலாது” என்கிறது கடிதம். அதைக் கோர்ட்டுத் தீர்ப்பாகவே எண்ணி, தலைவிதி என்று பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் அநேகர். அங்கேதான் தவறு நேர்கிறது.

ஆண்டாப் ஹில்லில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவை எடுத்துக்கொள்வோம். பாலிசி எடுத்து இரண்டு ஆண்டு ஆகிறது. சர்க்கரை நோய் இருப்பது போன வருடம்தான் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஒருநாள் இரவு நெஞ்சுவலி. மைத்துனர் டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார். “சர்க்கரை உண்டா? எத்தனை நாளாக?” என்று டியூட்டி டாக்டர் இந்தியில் கேட்கிறார். பதற்றத்தில் நிற்கும் மைத்துனர் அரைகுறை இந்தியில், “ரொம்ப வருஷமாக” என்கிறார். டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘10 ஆண்டுகள்’ என்று எழுதிவிடுகிறார். ஆள் பிழைத்துக்கொள்கிறார். ஆனால் இரண்டு லட்ச ரூபாய்க் கோரிக்கை அந்த ஒரு வரியால் அடிபட்டுப் போகிறது.

மொழி தெரியாத ஊரில், உயிருக்குப் போராடும் நேரத்தில், மற்றொருவர் சொன்ன வார்த்தை ஆதாரமாகுமா? முன்பே நோய் இருந்தது என்று சொல்கிற கம்பெனிதான் அதை நிரூபிக்கவும் வேண்டும். பழைய சிகிச்சைச் சீட்டோ பரிசோதனை அறிக்கையோ இல்லாமல், கேஸ் ஷீட்டுக் குறிப்பு ஒன்றே போதாது என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் கூறியிருக்கின்றன.

விதி என்ன?

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டறிந்து சொன்ன நோய், அல்லது டாக்டர் சிகிச்சை தந்த, சிகிச்சை வேண்டும் என்று கூறிய நோய்தான் ‘முன்பே இருந்த நோய்’ ஆகும். யாருக்கும் தெரியாமல் உடம்புக்குள் இருந்தது இந்தக் கணக்கில் சேராது. அப்படியே முன்பு இருந்தாலும், அதற்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. முன்பு 48 மாதமாக இருந்தது 2024 ஏப்ரல் 1 முதல் குறைக்கப்பட்டது. 60 மாதம் விடாமல் பாலிசியைப் புதுப்பித்து வந்தவரிடம், மோசடியை நிரூபித்தாலொழிய, “நோயை மறைத்தீர்” என்ற பேச்சையே கம்பெனி எடுக்க முடியாது.

2024 மே மாதத்தில் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கம்பெனியின் மறு ஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்கக்கூடாது. எந்த நிபந்தனையின்படி நிராகரிக்கப்பட்டது என்பதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும்.

கோர்ட்டும் இரு பக்கத்தையும் பார்த்தே வந்திருக்கிறது. சர்க்கரை உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவருக்கு அமெரிக்காவில் மாரடைப்பு வந்தபோது பணம் மறுத்தது சட்டவிரோதம் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே உச்ச நீதிமன்றம்தான், சர்க்கரையையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்துப் பாலிசி எடுத்தவர் விஷயத்தில், கம்பெனி மறுத்தது சரியே என்று 2009-ல் கூறியது. உண்மையை எழுதியவருக்குச் சட்டம் துணை நிற்கும், மறைத்தவருக்கு நிற்காது.

இதில் நம்மவர்கள் பக்கமும் குறை உண்டு. டீக்கடை பெஞ்சில் ஏஜெண்டு நீட்டும் ஆங்கிலப் படிவத்தில், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறோம். நோய் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஏஜெண்டே ‘இல்லை’ என்று எழுதிக்கொள்கிறார். “எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது, புரிந்துகொண்டேன்” என்ற வாசகத்துக்கும் கீழே நம் கையெழுத்து இருக்கிறது. பிறகு ஏஜெண்டைத் தேடினால் கிடைப்பதில்லை.

கம்பெனிகளையும் ஒன்று கேட்க வேண்டும். பாலிசியின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை, கேட்பவருக்கு உள்ளூர் மொழியில் தரவேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறை. மும்பையில் உள்ளூர் மொழி மராத்தி. சென்னையில் தமிழில் தருகிற தாளை மும்பைத் தமிழனுக்கும் தருவதில் என்ன கஷ்டம்? பிரீமியத்தை மட்டும் எந்த மொழிக்காரனிடமிருந்தும் வாங்குகிறார்களே!

செய்ய வேண்டியது

நிராகரிப்புக் கடிதம் வந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் மறுப்பு அனுப்ப வேண்டும். நோய் முதன்முதலில் எப்போது தெரிந்தது என்பதற்குச் சிகிச்சை செய்த டாக்டரின் சான்றும், முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இணைக்கப்பட வேண்டும். கேஸ் ஷீட்டில் தவறு இருந்தால் திருத்திய சான்று தருமாறு ஆஸ்பத்திரியைக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் புகாரைப் பதிவு செய்யலாம்.

கம்பெனி மறுபடியும் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆம்பட்ஸ்மன் என்பது இவரைத்தான். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்ச ரூபாய் வரை தரும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட்டாக வேண்டும். புகார் கொடுத்தவர் திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அலுவலக முகவரி பாலிசிப் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கும்.

இதற்காக ஒருநாள் லீவு போட வேண்டியிருக்கலாம், சம்பளம் குறையலாம். ஆனால் கம்பெனி தரவேண்டிய பணம் தர்மமல்ல. ஓவர்டைம் பார்த்துக் கட்டிய பிரீமியத்துக்கு உரிய பணம். தெரு முனைச் சங்கங்களில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவர், இப்படி வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதிக் கொடுக்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், எத்தனையோ குடும்பங்கள் கடனிலிருந்து தப்பும். கேட்காமல் விட்ட பணம் கம்பெனியின் லாபக் கணக்கில்தான் சேரும்.