நோயாளர் விடுதியில் கமராவுக்கு என்ன வேலை?

நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். நோய் முற்றினால் இரு சாராரும் செல்வது அருகேயுள்ள கல்முனைக்குத்தான். அங்குள்ள இரண்டு அரசாங்க வைத்தியசாலைகளில் எதற்கு எந்த வசதி கிடைத்தது என்று ஓயாது வாதிடுகிறோம். அவற்றின் கட்டில்களில் தமக்காகப் பேச இயலாது கிடக்கும் குழந்தையையும் முதியவரையும் மனநோயாளியையும் எவரிடமிருந்து பாதுகாப்பது என்பது மட்டும் பேச்சாவதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பணம் சேர்க்கும் முகநூல் அறிவித்தல்களைப் பாருங்கள். குழந்தையின் முகம், பெயர், நோய், வீட்டு முகவரி, தந்தையின் தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கும். பால்மாப் பொதியை நீட்டும் கனவான் சிரிப்பார். வாங்கும் மூதாட்டி கூசி நிற்பார். சம்மதம் பெற்றே படம் எடுத்தோம் என்பார்கள். மருந்துக்குக் காசில்லாத தாயால் எப்படி மறுக்க முடியும்?

இதன் விளைவைக் கல்முனை அறியும். 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் தப்பிய கைக்குழந்தையொன்று கல்முனை ஆதார வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட வரிசையில் 81ஆவது என்பதால் அந்த எண்ணே பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கோருவதாக உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. உண்மையில், நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரியவர்கள் ஒரே தம்பதியர்தாம். 'ஒன்பது' மட்டும் இன்றும் உலவுகிறது.

வைத்தியசாலை, கேட்டவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிடவில்லை. விடயம் நீதிமன்றம் சென்றது. மரபணுப் பரிசோதனைக்குப் பின், 2005 பெப்ரவரி நடுப்பகுதியில்தான் பிள்ளை பெற்றோரைச் சேர்ந்தது. இடையில் பொறுமையிழந்த பெற்றோர் வைத்தியசாலைக்குள் புகுந்து கைதாகவும் நேர்ந்தது. அந்தத் தாயின் துடிப்பை எவர் குறை கூறுவார்? ஆயினும் அந்தத் தாமதம் சரியானதே என்பேன். ஆவணங்களைக் கடல் கொண்டுபோன வேளையில், கண்ணீரை மட்டுமே சான்றாகக் கொண்டு ஒப்படைத்த பிள்ளை தவறான கைக்குப் போயிருந்தால் மீட்பது யார்?

ஆனால், உரிமை கோரியவருக்கு அடைபட்ட கதவு கமராக்களுக்குத் திறந்தே கிடந்தது. பிள்ளையின் முகமும் பெற்றோரின் பெயரும் உலகெங்கும் சென்றன. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றுக்கும் குடும்பம் அழைத்துச் செல்லப்பட்டது. வெளிநாட்டில் பெரும்பணம் கிடைத்திருக்கும் என்று அயலார் எண்ணினர். சிறுவன் வளர்ந்து பாடசாலை சென்றபோது சக மாணவர்கள் அந்த எண்ணைச் சொல்லியே கேலி செய்தனர். ஆண்டு நிறைவுகள் வரும்போது செய்தியாளர்கள் மீண்டும் தேடிச் சென்று அந்தக் கேலியையும் செய்தியாக்கினார்கள். எங்கள் தொழிலின் இலட்சணம் அது. பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கமராவுக்குக் கதவடைக்கச் சொல்வதை, மேற்பார்வைக்கும் கதவடைக்கச் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டின் ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றி மாண்டனர். நேர்த்திக்காகத் தர்காவுக்கு அழைத்துச் சென்று விட்டுவந்த உறவினர்களும் இருந்தனர், அதிகாரிகளும் இருந்தனர். விபத்துக்கு முன்னரே உள்ளே சென்று சங்கிலியை அவிழ்க்கச் சொல்ல ஓர் ஆளில்லை.

இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது; அதன் 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் முறையிடலாம். விடுதிச் சுவரில் அந்த இலக்கம் தமிழில் பெரிதாக இருக்கட்டும். தொண்டரோ நன்கொடையாளரோ, உள்ளே வருபவர் பெயரைப் பதிந்துவிட்டு வரட்டும். தாதியர் அருகின்றி நோயாளியிடம் தனித்துச் செல்லாதிருக்கட்டும். மனநோயாளரும் முதியோரும் இருக்கும் விடுதிகளுக்கும் இதுவே பொருந்தும்.

பணம் சேர்க்க வேண்டாமா என்பீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். முகம் எதற்கு? வைத்தியரின் கடிதத்தைப் பார்த்துப் பள்ளிவாசல் நிருவாகமோ கோயில் பரிபாலன சபையோ உறுதி சொன்னால் போதாதா? நற்பிட்டிமுனையில் இரண்டும் இருக்கின்றனவே.