பதினெட்டோடு முடியுமா பிள்ளை வளர்ப்பு?

மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது என்பதற்காக எந்தத் தகப்பனும் அவன் பெட்டியைத் தூக்கி வாசலில் வைப்பதில்லை. சொல்லப்போனால் செலவு சூடு பிடிப்பதே அப்போதுதான். கல்லூரிக் கட்டணம், புத்தகம், சீசன் டிக்கெட் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். தாராவியிலும் செம்பூரிலும் சயானிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஜூன் மாதம் வந்தால் குமாஸ்தா பிராவிடண்ட் பண்டில் கடன் கேட்டு மனுப் போடுவதும், தாய் வளையலை அடகுக் கடைக்கு அனுப்புவதும் புதிய செய்தியல்ல. பிள்ளை ஒரு பட்டம் வாங்கிவிட்டால் போதும் என்று குடும்பமே வயிற்றைக் கட்டுகிறது.

ஆனால் இதே மும்பையில் அரசாங்கத்தையே தாய் தந்தையாகக் கொண்டு வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். டோங்கிரியிலும் மான்கூர்டிலும் உள்ள குழந்தைகள் இல்லங்களை அறியாத மும்பைவாசி குறைவு. பெற்றோரை இழந்தவர், கைவிடப்பட்டவர், வீட்டுக் கொடுமை தாங்காமல் ரயிலேறி வந்தவர், தாய் தகப்பன் உயிரோடிருந்தும் வளர்க்க இயலாதவர் எனப் பல தரப்பட்ட குழந்தைகள் இத்தகைய இல்லங்களுக்கு வந்து சேருகிறார்கள். தாதரிலும் சி.எஸ்.எம்.டி. நிலையத்திலும் தனியே திரியும் சிறுவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டால் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்துவார்கள். வீட்டுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்புவார்கள். வழியில்லையேல் இல்லம்தான். இப்படி வருவோரில் தமிழ் பேசும் பிள்ளைகளும் உண்டு.

இந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது நிறையும்போது என்ன நடக்கிறது? சட்டப்படி அவர்கள் குழந்தைகள் அல்லர். ஆகவே இல்லத்தின் கதவு அவர்களுக்குப் பின்னால் சாத்தப்படுகிறது. பிளஸ் டூ பரீட்சை முடிந்து, கல்லூரி விண்ணப்பம் கையில் இருக்கும் நேரத்தில்தான் தலைக்கு மேலிருந்த கூரையும் போகிறது.

'அளிக்கலாம்' என்ற ஒரு சொல்

சட்டம் இவர்களை அடியோடு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, பதினெட்டு வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பண உதவி அளிக்கலாம் என்கிறது. இதற்குப் பிற்காப்பு என்று பெயர். இருபத்தொரு வயது வரை இது கிடைக்கும். விசேஷ சந்தர்ப்பங்களில் மேலும் இரண்டு ஆண்டு நீட்டலாம் என்று 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. 2022ல் மத்திய அரசு வெளியிட்ட மிஷன் வாத்சல்யா நெறிமுறைப்படி மாதம் 4,000 ரூபாய் கொடுக்கவும் வழி இருக்கிறது.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'அளிக்கலாம்' என்பது ஒன்று, 'அளிக்க வேண்டும்' என்பது வேறு. சர்க்கார் ஆபீசில் வேலை பார்க்கும் எவருக்கும் இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். 'அளிக்கலாம்' என்ற சொல் உள்ள பைல், கேட்க ஆள் இருந்தால் நகரும், இல்லாவிட்டால் மேஜையிலேயே தூங்கும். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைக்கென்று எழுதிய சட்டத்தில் அச்சொல்லை வைத்தது பெரும் குறையாகும்.

வயதுக் கணக்கும் இடிக்கிறது. பத்து வயதில் பிளாட்பாரத்திலிருந்து மீட்கப்பட்டவன் மற்றவர்களைப் போல உரிய வயதில் உரிய வகுப்பில் இருக்க மாட்டான். அவன் பிளஸ் டூ தேறும்போதே இருபது வயது ஆகிவிடலாம். அப்படியானால் கல்லூரியின் முதல் ஆண்டு முடியுமுன் உதவிக் காலம் முடிந்துபோகும். இன்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டு. 2020ஆம் ஆண்டின் புதிய கல்விக் கொள்கையில் ஆனர்ஸ் பட்டத்துக்கும் நான்கு ஆண்டு. படிப்பை நீட்டிக்கொண்டே போகும் அரசு, உதவியை மட்டும் இருபத்தொன்றில் நிறுத்துவது நாக்பூருக்குப் போகிறவனுக்குக் கல்யாண் வரை டிக்கெட் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இருபத்து மூன்று என்பதே நியாயமான வயது என்று அரசுக்குத் தெரியாமலும் இல்லை. கொரோனாவில் தாய் தந்தையை இழந்த குழந்தைகளுக்காக 2021ல் பி.எம். கேர்ஸ் திட்டம் கொண்டு வரப்பட்டபோது, பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயது வரை மாத உதவித் தொகையும், இருபத்து மூன்றில் பத்து லட்ச ரூபாயும் என்று வகுத்தார்கள். நல்ல காரியம், பாராட்ட வேண்டியதே. ஆனால் காசநோயில் தாயை இழந்த பிள்ளைக்கும் பசி அதே பசிதானே? பெற்றோர் எந்த வியாதியில் இறந்தார்கள் என்பதைப் பார்த்தா பிள்ளையின் படிப்பை நிர்ணயிப்பது?

பிற நாடுகளில்

அமெரிக்காவில் பெற்றோரால் வளர்க்க இயலாத குழந்தைகளைப் பெரும்பாலும் வேறு குடும்பங்களில் வைத்து, அரசு பணம் கொடுத்து வளர்க்கிறார்கள். அங்கும் பதினெட்டு வயதானதும் நட்டாற்றில் விடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அவர்களில் கல்லூரிக்குப் போனவர்கள் குறைவு, போனவர்களிலும் பாதியில் நின்றவர்கள் ஏராளம். காரணம் மூளைக் குறைவன்று. தங்க இடமில்லை, பேச ஆளில்லை. இதை உணர்ந்து 1998ல் கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் 'கார்டியன் ஸ்காலர்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தோடு நிற்காமல், விடுமுறை உட்பட ஆண்டு முழுவதும் தங்க இடம், கூப்பிட்ட குரலுக்கு வரும் ஓர் ஆலோசகர் என்பதே அதன் சாரம். 2008ல் மிச்சிகன் மாநிலத்தில் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் இதே போன்ற திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு ஜான் சீட்டா என்பவரின் பெயரைச் சூட்டியது. அவரும் அப்படி வளர்ந்து, அதே பல்கலைக்கழகத்தில் படித்துப் பேராசிரியர் ஆனவர். மத்திய அரசும் தன் பங்குக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை கல்வி உதவி வழங்குகிறது.

இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே வந்தது. இல்லத்தில் வளர்ந்த மாணவனுக்கு விடுமுறையில் ஹாஸ்டல் மூடப்பட்டால், அவன் தங்குவதற்கு உள்ளூராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அங்கே சட்டத்திலேயே இருக்கிறது. 'செய்யலாம்' அல்ல, 'செய்ய வேண்டும்'.

இவை பணக்கார நாடுகள், நம்மால் ஆகுமா என்று கேட்கலாம். ஆனால் இந்தத் திட்டங்களின் உயிர் பணத்தில் மட்டும் இல்லை. விடுமுறையில் திறந்திருக்கும் ஓர் அறையும், பொறுப்பேற்கும் ஓர் ஆளும் கோடி ரூபாய்ச் செலவு அல்ல.

தடை எங்கே இருக்கிறது?

நம் நாட்டில் உதவித் திட்டங்கள் சில இருக்கத்தான் செய்கின்றன. மகாராஷ்டிர அரசு 2018ல் அநாதைப் பிள்ளைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 1 சதவீத இட ஒதுக்கீடு கொண்டு வந்தது. ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பு 'ஸ்வநாத்' என்ற பெயரில், பெற்றோரை இழந்தவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் உதவித் தொகை அறிவித்தது. ஆனால் அது தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், இடங்களும் நாடு முழுமைக்கும் 2,000 என்று வைத்தார்கள். பி.ஏ., பி.காம். சேரும் பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை.

இருப்பதைப் பெறுவதற்கும் காகிதம் வேண்டும். பிறப்புச் சான்று எங்கே, ஜாதிச் சான்று எங்கே, தகப்பனாரின் வருமானச் சான்று எங்கே, டொமிசைல் சர்டிபிகேட் எங்கே என்று கவுண்டரில் கேட்பார்கள். வெளி மாநிலத்திலிருந்து வந்து குடியேறிய ஒவ்வொரு தமிழனும் இந்தக் காகிதங்களுக்காகத் தேய்த்த செருப்பு எத்தனை என்று அவனுக்கே தெரியும். ஊரில் அண்ணனோ மாமாவோ இருந்து தாலுகா ஆபீசில் நின்று வாங்கி அனுப்பியதால்தான் பலருக்கு அவை கிடைத்தன. ஊரும் இல்லாமல், அண்ணனும் இல்லாமல், தகப்பன் பெயரே தெரியாமல் நிற்கும் பிள்ளை எந்தத் தாலுகா ஆபீசுக்குப் போகும்?

அடுத்த தடை விண்ணப்பத்தில் 'லோக்கல் கார்டியன்' என்று அச்சிட்ட கோடு. அதில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். மூன்றாவது தடை தீபாவளியும் மே மாதமும். ஹாஸ்டலில் எல்லாரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவார்கள். இந்தப் பிள்ளை எங்கே போவது?

ஆட்சேபணைக்குப் பதில்

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும்தான் கஷ்டப்படுகிறார்கள், இவர்களுக்கு மட்டும் தனிச் சலுகை எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஏழைப் பிள்ளையின் கஷ்டத்தை யாரும் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு தாய் இருக்கிறாள். பரீட்சையில் தவறினால் திட்டவாவது ஒரு தகப்பன் இருக்கிறான். இல்லத்துப் பிள்ளையின் விஷயம் வேறு. அவனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாக உத்தரவு போட்டது அரசு. ஆகவே இங்கே கேட்பது சலுகை அல்ல. தகப்பன் ஸ்தானத்தில் நின்றவர், தகப்பனுக்குரிய கடமையை முடித்துவிட்டுப் போகட்டும் என்பதுதான். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்ற வேண்டாமா?

இன்னொரு வாதம், கல்லூரி எதற்கு, ஒரு ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டால் சீக்கிரம் பிழைத்துக்கொள்வான் என்பது. பிட்டர் வேலையிலோ ஒயர்மேன் வேலையிலோ விருப்பமுள்ளவன் தாராளமாகச் சேரட்டும். அது கௌரவமான பிழைப்பு. ஆனால் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளையை, தங்க இடம் தர முடியாது என்ற ஒரே காரணத்துக்காகக் குறுகிய படிப்பில் தள்ளுவது பிழைப்புக் காட்டுவது ஆகாது. கை கழுவுவது ஆகும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, 46ஆவது பிரிவில் உள்ள 'அளிக்கலாம்' என்பது 'அளிக்க வேண்டும்' என்று திருத்தப்பட வேண்டும். படித்துக்கொண்டிருப்பவருக்கு இருபத்து மூன்று வயது என்பது விசேஷ சந்தர்ப்பமாக இல்லாமல் பொது விதியாக வேண்டும். நாளொன்றுக்கு நூற்று முப்பது ரூபாய்ச் சொச்சம் ஆகும் அந்த 4,000 ரூபாயை, மும்பை போன்ற நகரின் வாடகையை உத்தேசித்து உயர்த்துவதும் அவசியம்.

இரண்டாவதாக, பிள்ளை இல்லத்தை விட்டு வெளியேறும் நாளன்று சான்றிதழ்களும், ஆதாரும், வங்கிக் கணக்குப் புத்தகமும் அவன் கையில் இருக்க வேண்டும். அந்த வேலை பதினாறு வயதிலேயே தொடங்கப்பட வேண்டும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போயிற்று.

மூன்றாவதாக, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு பேராசிரியர் இப்பிள்ளைகளுக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட வேண்டும். உதவித் தொகை தாமதமானால் பரீட்சை ஹால் டிக்கெட்டை நிறுத்தாமல் பார்ப்பது, விடுமுறையில் ஹாஸ்டல் அறையைத் திறந்து வைப்பது, வாரத்துக்கொரு முறை சாப்பிட்டாயா என்று கேட்பது இவையே அவர் வேலை. இது ஓசைப்படாமல் நடக்க வேண்டும். சட்டத்தின் 74ஆவது பிரிவு சிறார்களின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடை செய்கிறது. வயது பதினெட்டைத் தாண்டிவிட்டால் மானம் குறைந்துவிடுவதில்லை. மேடையேற்றி, மாலை போட்டு, போட்டோ பிடித்துக் கொடுக்கும் உதவி பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கும்.

நான்காவது, அரசை எதிர்பாராமல் தமிழர்களே செய்யக்கூடியது. ஜூன் மாதத்தில் நோட்டுப் புத்தகம் வழங்காத தமிழ்ச் சங்கம் மகாராஷ்டிரத்தில் அநேகமாக இல்லை. அந்தச் சங்கங்கள் தங்கள் பகுதி இல்லத்தின் கண்காணிப்பாளரைச் சந்தித்து, இந்த ஆண்டு கல்லூரிக்குப் போகும் வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். முறைப்படி அனுமதி பெற்று, சங்கத்தில் ஒருவர் ஒரு பிள்ளைக்கு லோக்கல் கார்டியனாகக் கையெழுத்திடலாம். அந்தப் பிள்ளை தமிழனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மராட்டி பேசும் மண்ணில் உப்புத் தின்றவர்களுக்கு மராட்டிப் பிள்ளையும் சொந்தப் பிள்ளைதான். பாரம் நிரப்புவதும், எந்த ஜன்னலில் எந்தக் காகிதம் என்று தெரிந்துவைத்திருப்பதும் குமாஸ்தாக்களுக்குக் கைவந்த கலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கினாலே ஒரு பிள்ளையின் உதவித் தொகை மனு சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்.

சொந்த ஊரை விட்டு வந்து, தெரியாத நகரத்தில் யாரோ ஒருவர் கொடுத்த திண்ணை இடத்திலும், யாரோ ஒருவர் எழுதித் தந்த சிபாரிசுக் கடிதத்திலும்தான் பெரும்பாலான மும்பைத் தமிழர்களின் வாழ்க்கை தொடங்கியது. அந்த ஒரு ஆள் இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை அவர்களை விட நன்றாக அறிந்தவர் யார்? மராட்டியக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கும்போது அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட ஆளில்லாமல் ஒரு பிள்ளையும் திரும்பிப் போகக் கூடாது. அதற்கு ஆவன செய்வது அரசின் கடமை. அரசு விழித்துக்கொள்ளும் வரை காத்திராமல் தொடங்குவது சங்கங்களின் கடமை.