எழுமாற்றுச் சோதனையும் ஆய்வாளர் பொறுப்பும்

கணினி ஓயாது எழுமாறாகச் சோதித்துக்கொண்டிருந்தால் மென்பொருளின் வழுக்கள் தாமே வெளிப்படும் என்பர் சிலர். எண்ணிக்கையில் மயங்கியோர் கூற்று இது.

வெரிலாக் மொழியில் எழுதப்பட்ட வடிவமைப்பைத் தர்க்கப் படலைகளின் வலையமைப்பாக மாற்றுவது வன்பொருள் தொகுப்பு மென்பொருளாகும். அது வழுவுமாயின் பொறியியலாளர் எழுதியது ஒன்று, சுற்றில் அமைவது வேறொன்று. இத்தகைய மென்பொருள்களைச் சோதிக்கவென இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவானது வெரிஸ்மித். அது எழுமாறாக வடிவமைப்புகளை ஆக்கி, தொகுப்பின் விளைவு மூலத்துக்குச் சமமானதா என ஒப்புநோக்குகிறது. இதன்வழி கண்டறியப்பட்ட 11 வழுக்கள் 2020இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் அறிவிக்கப்பட்டன.

ஆயின், எவை ஆக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பது அமைவுக் கோப்பே. நிபந்தனைக் கூற்று, மீள்செயற் கூற்று முதலிய ஒவ்வொன்றுக்கும் அங்கு நிறை இடப்படுகின்றது. மீள்செயலின் நிறை பூச்சியமெனில், இலட்சம் சோதனைகள் நடாத்தினும் அதனைக் கையாளும் பகுதி தீண்டப்படாதே எஞ்சும். வடிவமைப்பின் பருமனை மிகைப்படுத்தினாலோ சமன்பாட்டுச் சோதனை உரிய நேரத்துள் முடிவுறாது.

பிறர் வகுத்த அமைவைச் சிந்தியாது ஏற்பவர், பிறருடைய ஊகங்களையே மீளச் சோதிக்கின்றார். "ஆயிரமாயிரம் சோதனைகளில் வழு இல்லை" என்னும் அறிக்கை, இட்ட நிறைகளையும் உடன் வெளியிடாதவரை, சான்று ஆகாது. வெறும் தொகையே ஆகும்.