தலைக்கு மேல் வட்டமிடும் ஹெலிகாப்டர்: வதந்திக்கு இடம் கொடுப்பது யார்?

காஞ்சிபுரத்தில் வீட்டு மாடிகளுக்கு மேல் ஹெலிகாப்டர் ஒன்று இரண்டு சுற்று சுற்றினால் போதும். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலிருந்து பஸ் நிலையத்து டீக்கடை வரை ஒரே பேச்சாகிவிடும். "யாரையோ தேடுகிறார்கள்", "பெரிய தலைவர் வருகிறார்", "நம் தெருவைத்தான் படம் பிடிக்கிறார்கள்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஹெலிகாப்டர் போன பிறகும் வாட்ஸ்அப்பில் அது பறந்துகொண்டே இருக்கும். அது ஏன் வருகிறது, எப்படி ஒரே இடத்தில் நிற்கிறது, அதைப் பற்றிக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அரக்கோணம் எவ்வளவு தூரம்?

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், அரக்கோணத்தில், ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானதளம் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் கால விமானதளம் ஒன்று இருந்த இடத்தில் 1992 மார்ச்சில் இது முறைப்படி தொடங்கப்பட்டது. கடல் கண்காணிப்பு விமானங்களுக்குத் தளமாக இருப்பதுடன், கடற்படையின் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் இங்கேதான் இயங்குகிறது. பல ஆண்டுகளாக அங்கே பயிற்சிக்குப் பயன்பட்டு வரும் சேத்தக் ரக ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 180 கி.மீ. வேகத்தில் செல்லும். அதற்குக் காஞ்சிபுரம் பத்து நிமிடப் பயணம்.

பயிற்சி விமானி கற்றுக்கொள்ளும் பாடங்களில் முக்கியமானது ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது. கடலில் தத்தளிப்பவரைக் கயிற்றில் தூக்கவும், ஆடும் கப்பலின் தளத்தில் இறங்கவும் அந்தத் திறமை தேவை. இந்தப் பயிற்சி பெரும்பாலும் தளத்துக்குள்ளேயே நடக்கும். வெளியே வரும்போது வழி கண்டுபிடித்தல், தாழ்வாகப் பறத்தல், வட்டமிடுதல் ஆகியவை நடக்கும். கோபுரங்களும் ஏரிகளும் ரயில் பாதையும் உள்ள ஊர், வானிலிருந்து எளிதில் அடையாளம் தெரியும்.

பிற காரணங்களும் உண்டு. குடியரசுத் தலைவர், பிரதமர் போன்றோர் வருவதற்கு முன் இறங்குதளத்தில் ஒத்திகை நடக்கும். 2019-ல் 48 நாள் நடந்த அத்திவரதர் வைபவத்தின்போது அத்தகைய வருகைகளை இந்த ஊர் பார்த்தது. மின்கோபுரங்களை ஆய்வு செய்யவும், நில அளவைக்கும், வெள்ளச் சேதத்தைப் பார்வையிடவும்கூட ஹெலிகாப்டர்கள் வரும்.

நிற்பதுதான் கடினம்

முன்னோக்கிப் பறக்கும்போது இறக்கைகளுக்குப் புதுக் காற்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நிற்கும்போது, தன் முழு எடையையும் தாங்கும் அளவுக்குக் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு எஞ்சின் சக்தியும் எரிபொருளும் அதிகம் செலவாகும். சேத்தக் போன்ற ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர், குறைந்த உயரத்தில் வேகமின்றி நிற்கும்போது எஞ்சின் நின்றுபோனால் பாதுகாப்பாக இறங்க நேரம் கிடைப்பது அரிது. அதனால் எந்த விமானியும் காரணமின்றி வீடுகளுக்கு மேல் நெடுநேரம் நிற்க விரும்ப மாட்டார். கீழிருந்து 'நிற்கிறது' என்று நமக்குத் தோன்றுவது பல நேரங்களில் மெதுவான வட்டமிடல்தான்.

சத்தம் மட்டும் உண்மையான தொல்லை. இறக்கைகள் எழுப்பும் 'தடதட' ஒலி தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. சுவரும் ஜன்னலும் அதைத் தடுப்பதில்லை. தகரக் கூரை அதிர்கிறது, தூங்கும் குழந்தை அலறுகிறது, இதய நோயாளிக்குப் படபடப்பு வருகிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வைத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்.

விதி என்ன சொல்கிறது?

நெரிசலான குடியிருப்புகளுக்கு மேல் பறக்கும் சிவில் விமானம், 600 மீட்டர் சுற்றுப்புறத்தில் உள்ள மிக உயரமான கட்டடத்தைவிடக் குறைந்தது 300 மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஏறும்போதும் இறங்கும்போதும், சிறப்பு அனுமதி பெற்றபோதும் மட்டும் விலக்கு உண்டு. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 190 அடி. ஆகவே அதன் அருகே பறக்கும் சிவில் ஹெலிகாப்டர் ஏறத்தாழ 1,170 அடிக்குக் கீழே வரக்கூடாது. ஆனால் ராணுவ, கடற்படை, விமானப்படை வானூர்திகள் இந்தச் சிவில் சட்டத்தின் கீழ் வருவதில்லை. அவை தத்தம் படைகளின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. அந்த விதிகள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அச்சம் முழுக்க மூடத்தனமா?

இல்லை. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 'ஹெலி' சத்தம் என்றால் பதுங்குகுழி நினைவுதான் வரும். 2020 ஜூன் 1 அன்று வாஷிங்டனில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்துத் திரண்டவர்களின் தலைக்கு மிக அருகே ராணுவ ஹெலிகாப்டர் இறங்கி நின்று, காற்றடித்து அவர்களைக் கலைக்க முயன்றது. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் விவசாயிகள் மீது ட்ரோன் மூலம் கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டது. வானிலிருந்து வரும் அதிகாரம் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருந்தால், எளியவர்கள்தாம் முதலில் அஞ்சுவார்கள். கண்காணிப்பு அனுபவம் உள்ள நம் சமூகத்தில் அந்த அச்சம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் நாம் மறக்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் ராஜாளித் தளத்தில் இறங்கின. மொட்டை மாடிகளில் தவித்தவர்களுக்கு ஹெலிகாப்டர்களே உணவு கொண்டுவந்தன. ராமாபுரத்தில் ஒரு கர்ப்பிணியை மாடியிலிருந்து தூக்கிக் காப்பாற்றியதும் ஒரு ஹெலிகாப்டர்தான். இன்று நம் தலைக்கு மேல் நடக்கும் பயிற்சி, நாளை அப்படியொரு நாளில் நமக்கே உதவலாம்.

சொன்னால் என்ன?

லண்டனில் காவல்துறை ஹெலிகாப்டர் ஏன் பறந்தது என்பதைச் சமூக ஊடகத்தில் அவர்களே சொல்லும் வழக்கம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் 2023-ல் நகரத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை, காவல்துறை ஹெலிகாப்டர்கள் பறந்த நேரத்தில் 61 சதவீதம் முக்கியத்துவம் குறைந்த பணிகளுக்கே போனதாகக் கூறியது. கேள்வி கேட்டதால்தான் அந்தக் கணக்கு வெளிவந்தது.

நம் பகுதியிலும் இதற்கு முன்னுதாரணம் உண்டு. அனுமந்தபுரம் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடக்கும் நாட்களை மாவட்ட நிர்வாகம் முன்கூட்டியே அறிவித்து, மக்களை எச்சரிக்கிறது. ராணுவ ரகசியம் எதுவும் அதனால் வெளியாவதில்லை. "இன்ன தேதியில் இன்ன நேரம் ஹெலிகாப்டர் பயிற்சி, யாரும் பதற வேண்டாம்" என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இரண்டு வரி வெளியிட்டால் வதந்திகளில் பாதி அடங்கிவிடும். பரந்தூரில் விமான நிலையம் அமைந்தால் இந்த மாவட்டத்து வானில் போக்குவரத்து பல மடங்காகும். இந்த வழக்கத்தை இப்போதே தொடங்குவது நல்லது.

நமக்கும் பொறுப்பு இருக்கிறது. ஹெலிகாப்டர் வந்தால் தேதி, நேரம், போன திசை, அதன் நிறம், எழுத்துகள் ஆகியவற்றைக் குறித்து வைப்போம். இரவிலோ மிகத் தாழ்வாகவோ திரும்பத் திரும்ப வந்தால், அந்தக் குறிப்போடு திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுப்போம். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்போம். பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சில விவரங்களை மறுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மறுப்பதென்றாலும் காரணத்தை எழுத்தில் சொல்லியாக வேண்டும். பதில் கிடைக்கும் வரை, உறுதி செய்யாத ஒரு செய்தியையும் நம் கைப்பேசியிலிருந்து அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்போம்.